சைலோ இரண்டு

“ரெண்டு இருக்கட்டும்மா. ஒண்ணு எப்படி வேலை செஞ்சுது? முதல்ல அதைச் சொல்லு!”

ஆஸ்ட்ராண்டர் இப்படிக் கேட்டதும் மார்லின் தன் கூட்டாளி ட்வைட்டைத் திரும்பிப் பார்த்தாள். சாக்ரமெண்டோவிலேயே பெரிய தக்காளி டப்பா ஆலை அவருடையது. அவர் வாங்கினால், மார்லினும் ட்வைட்டும் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் 1979-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காலையிலிருந்து எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் கொண்டுவந்திருந்த டேட்டாபேஸ் மென்பொருளின் பெயர் ‘சைலோ-2’.

“போன வாரம் யார் அனுப்பின தக்காளி அதிகமா அழுகியிருந்துது?” என்று ஆஸ்ட்ராண்டர் கேட்டார். மார்லின் ஒரே ஒரு வரி தட்டினாள். திரையில் விவசாயியின் பெயர் வந்து நின்றது.

“அட! இதுக்குத் தனியா ஒரு புரோகிராம் எழுதணும்னு எங்க ஆளுங்க ஒரு வாரம் இழுத்தடிப்பாங்களே!” என்று வாயைப் பிளந்தார் மனிதர். அதோடு விட்டிருக்கக் கூடாதா?

ட்வைட் வாய் ஓயாதவன். அவனே இப்போது டையை நீவிக்கொண்டு இழுத்தான். “அது வந்து சார்... ஒண்ணைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.”

“மழுப்பாதேப்பா. டாக்டர் பிரெண்டிஸ், நீங்க சொல்லுங்க.”

பிரெண்டிஸ் இந்த விஷயத்தில் கரைகண்டவர் என்று ஆஸ்ட்ராண்டர் வரவழைத்திருந்த நிபுணர். அவர் நிதானமாகப் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று மார்லின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சைலோ ஒண்ணா? டென்வர்ல ஒரு வருஷம் அதோடதானே மாரடிச்சேன்! ஆமை வேகம். அடிக்கடி படுத்துக்கும். அந்தக் கோளாறையெல்லாம் ரெண்டுல சரி பண்ணிட்டாங்க. தைரியமா வாங்கலாம்.”

மார்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்ட்ராண்டர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாசல்வரை கூடவே வந்த பிரெண்டிஸ், “ஒண்ணோட கையேட்டை எங்கேயோ தொலைச்சுட்டேன். ஒரு பிரதி அனுப்பி வைங்களேன்” என்றார்.

“கண்டிப்பா சார்!” என்றான் ட்வைட்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மார்லின் அப்பாடா என்று சாய்ந்தாள். ட்வைட் கண்ணைச் சிமிட்டினான்.

“பாவம், பெரிய மனுஷன். கேட்டதை நாளைக்கே அனுப்பிடுவோமா?”

“எதைடா அனுப்பறது? சைலோ ஒண்ணுன்னு எதையுமே நாம எழுதலையே! முதல்முதலா செஞ்சதுன்னா எவனும் வாங்க மாட்டான்னு, எடுத்த எடுப்பிலேயே ரெண்டுன்னு பேர் வெச்சவன் நீதானே!”