நல்லரெத்தினத்தின் வாக்குமூலம்

அதிகாரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அவர் வாயைத் திறக்குமுன் ஸாஜித் முந்திக்கொண்டான்.

"அண்ணன், நடந்ததத் தமிழில சொல்லுங்க. நான் ஐயாக்குச் சிங்களத்தில சொல்லுறன்."

கட்டிலில் கிடந்த நல்லரெத்தினம் தலையாட்டினார். அவருடைய வலது கால் முழங்காலோடு நின்றுபோயிருந்தது.

கல்முனையில் எழும்பிக்கொண்டிருந்த கடைத்தொகுதியில், கிரேன் தூக்கிய இரும்பு உத்திரம் பாதி உயரத்தில் விழுந்துவிட்டது. அடியில் நின்றவர்கள் இருவர். காலிதீன் அந்த இடத்திலேயே மௌத்து. மற்றவர் காரைதீவுக்காரரான இந்த நல்லரெத்தினம்.

விசாரிக்க அம்பாறையிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. கடைத்தொகுதி வேலையில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஸாஜித்தான் காலையிலிருந்து அவருக்கு வாயும் காதும்.

அந்தக் கட்டட வேலையைக் கொந்தராத்து எடுத்திருந்த சீனிமுகம்மது ஹாஜியார் பொய் சொல்லு என்று அவனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போது தோளில் கைபோட்டு, "பாத்துக் கதைங்க மகன்" என்றார். அவ்வளவுதான். கிரேனில் அதற்குள் புதுக் கம்பிக்கயிறு மாட்டியாகிவிட்டது.

ஹாஜியாரின் மகள் அஸ்பியாவைத்தான் ஸாஜிதுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குச் சீதனமாக அவர் நிந்தவூரில் கட்டிய வீட்டுக்கு ஓடு போடுவதுதான் பாக்கி.

நல்லரெத்தினம் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"கயிறு பிஞ்சு வருகுது எண்டு காலிதீன் காக்கா காலையிலயே ஹாஜியாரிட்டச் சொன்னவர் தம்பி. இந்த ஒண்ட மட்டும் ஏத்துங்க எண்டார் அவர். அறுந்த நேரம் காக்கா ஓடியிருக்கலாம். ஓடல்ல. என்னப் பிடிச்சுத் தள்ளினவர்."

கட்டில் சட்டத்தைப் பிடித்து ஸாஜித் பக்கம் சாய்ந்தார்.

"காக்காட பெண்சாதி ஹாஜறாக்கும் இது தெரியோணும். மனுசன் என்னத்துக்குச் செத்தார் எண்டு."

அதிகாரி ஸாஜிதைப் பார்த்தார்.

காலிதீன் அவசரப்பட்டுவிட்டாராம் என்றான் ஸாஜித் சிங்களத்தில். உத்திரத்தைச் சரியாகக் கட்டாமலே தூக்கச் சொல்லிக் கை காட்டினாராம். மேலே போனதும் அது நழுவிவிட்டதாம்.

குரல் தடுமாறும் என்று பயந்திருந்தான். தடுமாறவில்லை.

அதிகாரி எழுதினார். பிறகு, கிரேனில் ஏதாவது பழுது இருந்ததா, யாராவது முன்பே கண்டார்களா என்று கேட்கச் சொன்னார்.

ஸாஜித் கட்டில் பக்கம் குனிந்தான்.

"நோவு கடுமையா, அண்ணன்?"

நல்லரெத்தினம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி. கடுமைதான்."

ஒரு பழுதும் இருக்கவில்லை என்கிறார் என்று ஸாஜித் நிமிர்ந்து சொன்னான்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பொழுது படுமுன் அம்பாறைக்குத் திரும்பிவிடும் அவசரம் அவருக்கு. நல்லரெத்தினத்தின் தோளை மெல்லத் தட்டிவிட்டு வெளியே நடந்தார்.

பின்னாலேயே போக ஸாஜித் திரும்பினான். அந்த நேரம் பார்த்து, கட்டு மாற்றும் சிங்கள மிஸ்ஸி தட்டோடு உள்ளே வந்தாள். காலையில் ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நோயாளியைத் தன் மொழியிலேயே அதட்டினாள்.

ஒரு கால் குறைந்துபோச்சே, இனி அவ்வளவு சோறு என்னத்துக்கு என்றார் நல்லரெத்தினம்.

சிங்களத்தில்தான் சொன்னார். ஸாஜிதின் சிங்களத்தைவிடச் சுத்தமான சிங்களம். அவள் சிரித்துவிட்டாள்.

ஸாஜிதுக்குக் காது இரண்டும் சுட்டன. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் முதலிலிருந்து திரும்பக் கேட்பதுபோல் இருந்தது. காலிதீன் அவசரப்பட்டுவிட்டாராம். ஒரு பழுதும் இருக்கவில்லை என்கிறார். நோவு கடுமையா, அண்ணன்?

"ஹிங்குராணைக் கரும்புத் தோட்டத்தில சிங்கள ஆக்களோடதான் என்ர இளவயசு போச்சு" என்றார் நல்லரெத்தினம், அவன் கேட்காமலே. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஸாஜிதுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஐயாக்கு முன்னால உங்களப் பொய்க்காரனாக்க மனம் வரல்ல தம்பி. ஜீப் இன்னும் வெளிக்கிடல்ல. நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க."

ஸாஜித் ஓடினான்.

வெளியே வராந்தாவில் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினான். அவர் சொன்னது வேறு சேர், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன். சிங்களத்தில் அந்த வசனம் வாய்க்குள் தயாராக இருந்தது. ஹாஜறா விதவையாக வெள்ளை உடுத்து, வெளியே வராமல் இத்தா இருக்கும் வீடு கண்ணில் வந்தது. அவன் இன்னும் வேகமாக ஓடினான்.

படியிறங்கும்போது நிந்தவூரில் ஓடு போடாத வீடும் கண்ணில் வந்தது.

ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அவன் ஓடி வருவதைக் கண்ட அதிகாரி தலையை வெளியே நீட்டி, என்ன, வேறு ஏதும் சொன்னாரா என்று கேட்டார்.

ஸாஜித் மூச்சிரைக்க நின்றான். நேரே மேலே, நல்லரெத்தினத்தின் கட்டிலோடு ஒட்டிய ஜன்னல் திறந்து கிடந்தது.

சேர் வந்து பார்த்ததற்கு நன்றி சொல்லச் சொன்னார் என்றான்.

மெல்லத்தான் சொன்னான், ஜன்னலுக்குக் கேட்காதபடி.