அறுபது மதிப்பெண்

காலை பதினொன்றே காலுக்குள் மதிப்பெண் போட்டாக வேண்டும். சட்டப்படி அறுபதைத் தாண்டினால் அது கலை, தாண்டாவிட்டால் கொலை. நீதிமன்றத்தின் கலை மதிப்பீட்டாளர் மங்கையர்க்கரசி அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்திருந்தாள். முதல் முறைதான் வேலைக்காக.

தலைமறைவுக் கலைஞர்கள் சிலர், காவலாளி உள்ளே இருப்பது தெரிந்தே, மூடிக் கிடந்த மில்லுக்குத் தீ வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். ஜன்னலில் அவர் நிழல் ஒருமுறை எழுந்து மறைந்தது. அந்த இடத்தில்தான் அவளுக்கு மூன்று முறையும் மெய்சிலிர்த்தது.

எழுபத்தெட்டு என்று எழுதி நிமிர்ந்தாள். காவலாளியின் மனைவி வள்ளியாத்தாள் வாசலில் நின்றிருந்தாள்.

“நான் இன்னும் அதப் பாக்கலீங்க அம்மணி.”

“பாக்க வேண்டாங்க.”

“ஊரே அழகுங்குது. அதுல அவரு சத்தம் கேக்குதுங்களா, இல்ல பாட்டுப் போட்டு மூடிட்டாங்களா?”