எல்லை தாண்டாத பரிசு

பேனாவின் மூடியைக் கம்பெனி வக்கீலே கழற்றி, பின்னால் செருகி, அவளிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டால் புகார் வாபஸ். போடாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ.

ப்ரஸ்ஸல்ஸில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்தின் விசாரணைக் கூடம். எதிரே வீடியோ கேம் கம்பெனியின் கோட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இந்தப் பக்கம் அவளும் தம்பி செல்வினும்.

செல்வின் வார்சாவில் படிக்கிறான். ஹோட்டலில் பாத்திரம் கழுவிய காசில் அக்காவின் பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ கேம் வாங்கி அனுப்பினான். அவன் அங்கே, அவள் இங்கே, ராத்திரி சேர்ந்து ஆடலாம் என்று.

அவளுடைய பெர்லினில் அது திறக்கவில்லை.

போலந்தில் வாங்கியது போலந்தில்தான் திறக்குமாம்.

அந்த இரண்டு நாட்டு எல்லையில் உருளைக்கிழங்கு லாரியைக்கூட யாரும் நிறுத்துவதில்லை.

இந்தப் பூட்டு வாடிக்கையாளர்மேல் கம்பெனி வைத்திருக்கும் அக்கறை என்று வக்கீல் காலையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு ரசனை. ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் உள்ளம். எல்லை ஆற்றின் இந்தக் கரையில் கேமில் குண்டு வெடித்தால் ஒரு சத்தம், அந்தக் கரையில் வேறு சத்தம் என்றே கேட்பவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

கடைசியில் கருணை சுரந்தது. கடலுக்கு அப்பாலிருக்கும் தலைமை அலுவலகமே அவளுக்கு ஒரு கேமை இலவசமாக அனுப்பியிருந்தது. அதைத் திறக்கும் குறியீடு, தந்த நிற அட்டையில், பொன் எழுத்தில். கல்யாணப் பத்திரிகை தோற்றது.

"எக்கா, ஓசியில தாரான். வாங்கிட்டு வருவியா, சும்மா மொறச்சிக்கிட்டு இருக்கியே" என்று செல்வின் காதைக் கடித்தான்.

"நீ வாங்கிக் குடுத்ததுக்கு என்னல கொறச்சல்?"



அவள் பேனாவை வாங்கினாள். வக்கீலின் முகம் மலர்ந்தது.

பேனாவை மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். திறந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று விசாரணையை நடத்திய தலைவரம்மாவிடம் சொன்னாள்.

தாராளமாக, என்று வக்கீல் இரண்டு கையையும் விரித்தார். கோயில் திறப்பு விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்போல.

பொன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

திரையில் சக்கரம் சுற்றியது.

நின்றது.

செல்வின் எட்டிப் பார்த்தான். சிரிப்பு வந்து, அது இருமலாகி, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினான். கட்டித்தான் இருந்தது.

பெர்லினில் அவள் பார்த்த அதே வரி.

மடிக்கணினியைத் தலைவரம்மாவின் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கை இழுத்து, நிதானமாக வாசித்தார். வருந்துகிறோம். இந்த விளையாட்டைத் திறக்க உங்கள் பகுதியில் அனுமதி இல்லை.

கண்ணாடி அறைகளுக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஐரோப்பாவின் அத்தனை மொழியிலும் சொன்னார்கள்.

எந்தத் தடையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அவள் பேனாவை மூடி, வக்கீல் பக்கமாக உருட்டிவிட்டாள்.