கதவு கேட்ட கமிஷன்

வாடகை ஒப்பந்தத்தின் பதினோரு மாதம் முடிந்த காலையில் சுகந்தியிடம் அவள் வீட்டுக் கதவு பேசியது.

"புது வாடகைதாரரே, வணக்கம். வீட்டு உரிமையாளருக்கு உங்களை அறிமுகம் செய்ய ஒரு மாத வாடகை கமிஷன்."

"நாலு வருஷமா இதே வீட்லதான இருக்கேன்?"

"ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நீங்கள் புதியவர்தான்."

தரகு வேலை கதவுகளின் கைக்குப் போன பிறகு, வீட்டுக்காரர் யாரென்று குடியிருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. கேட்டாலும் கதவு சொல்லாது. ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டே பணம் கட்டிய சுகந்தி, இந்த முறை அடுப்பில் பாலை வைத்தாள்.

"புதுசா குடிவந்தா பால் காய்ச்சணும். வீட்டுக்காரரக் கூப்பிடாம எப்படிக் காய்ச்சுறது? கூப்பிடு."

கதவு கொஞ்சம் தயங்கியது. புதியவர்களின் சடங்கைத் தடுக்க அதற்கு அனுமதி கிடையாது. அழைப்பு போனது.

பால் பொங்கும் நேரத்தில் வாசலில் வந்து நின்றவர் தேவசகாயம். அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர். மாதாமாதம் அவளுக்கு பிரஷர் மாத்திரை கொடுப்பவர்.

"நீங்களாம்மா? கூப்பிடாம இந்தப் பக்கம் வந்தா அபராதம்னு இந்தக் கதவு வச்சிருக்கு. வருஷா வருஷம் புது ஆள் பிடிச்சுக் குடுத்தேன்னு என்கிட்டயும் கமிஷன் வாங்குது."

சுகந்தி சிரித்தபடியே பால் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"அறிமுகக் கமிஷன் இன்னும்..." என்று கதவு ஆரம்பித்தது.

"அறிமுகம்தான் ஆயிடுச்சே. இனிமே நாங்க பேசிக்கிறோம். நீ தொறக்குறதையும் மூடுறதையும் மட்டும் பாரு."