சுவரின் நேர்

பயிற்சிக்கு வந்த மூன்றாம் நாள், இன்ஜினியர் பூங்கொடியிடம் தூக்குக்குண்டைக் கொடுத்து மாடிச்சுவரின் நேரைப் பார்க்கச் சொன்னார். அதைக் கட்டிய கொத்தனார் மாசிலாமணி அவளுடைய அப்பா. மகள் என்று காட்டிக்கொள்ள வேண்டாம், உனக்குத்தான் கௌரவக் குறைச்சல் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நூல் மேலே சுவரை ஒட்டியிருந்தது. கீழே குண்டு ஒரு விரல் விலகி நின்றது. மறுபடியும் பார்த்தாள்.

"என்னம்மா, சரியா இருக்கா?"

"இல்ல சார். சாஞ்சிருக்கு."

"கண்ணு தெரியாத ஆளு கரண்டியப் பிடிச்சா இப்படித்தான். இடிச்சிட்டுக் கட்டுய்யா."

"மேடம் சொல்றது சரிதாங்க," என்றார் மாசிலாமணி, அவளைப் பார்க்காமல். பிறகு சுத்தியலை எடுத்தார்.

மாலை பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. "உக்காருப்பா," என்றாள்.

"சட்டையெல்லாம் சிமெண்டு. நீ உக்காரு," என்றவர், வீடு வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.