வாய்மொழியாக எதுவும் இல்லை

குறைகேட்பு அறையின் ஜன்னல் வெயில் மேஜைமேல் சாய்ந்து கிடக்கிறது. காது கேளாத தையல்காரி அந்த வெளிச்சத்துக்குள் கைகளை நீட்டிப் பேசுகிறாள். பக்கத்தில் நிற்கும் தங்கை அதைக் குரலாக்குகிறாள். "பிள்ளைக்கு ஜுரம்னு ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தேன். மூணு தடவை என் நம்பரைக் கூப்பிட்டாங்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நானே கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போறதுக்குள்ள அவனுக்கு வலிப்பு வந்துடுச்சு. நம்பர் தெரியற மாதிரி ஒரு பலகை வைங்கன்னுதான் கேட்கிறேன்." தையல்காரியின் கைகள் இன்னும் வேகமாக அசைகின்றன. வளையல்கள் குலுங்கும் சத்தத்தை அவளைத் தவிர அறையில் எல்லோரும் கேட்கிறார்கள். அதிகாரி தங்கையைப் பார்த்தே தலையாட்டுகிறார். "கவனிக்கிறோம்னு அக்காகிட்ட சொல்லிடும்மா." "நீங்களே அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க சார். உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவா" என்கிறாள் தங்கை. அதற்குள் குமாஸ்தா பதிவேட்டில் எழுதுவதைத் தையல்காரி தலைகீழாகவே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள்: 'மனுதாரர் வாய்மொழியாக எதுவும் தெரிவிக்கவில்லை.' உள்ளங்கையை அந்த வரியின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, அதிகாரியின் வாயையே பார்க்கிறாள். அவர் கோப்பைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அடுத்தவங்க வரலாம்" என்கிறார்.