214ஆம் அறைக்கு மறதி இல்லை

எங்கள் மாணவியர் விடுதியின் பெருமையே, அறைகள் எதையும் மறக்காததுதான். முன்பு அங்கே தங்கியவர்களின் பேச்சைப் புது மாணவி சேரும் நாளன்று கேட்பது வழக்கம். தனிமை தெரியாதாம்.

வார்டனான நான் இதழினிக்கு 214ஐ ஒதுக்கினேன். அவளுடைய அம்மா சாருமதி, அந்த அறையில் என்னோடு தங்கியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வேற ரூம் குடு, பொன்மணி. இருபத்தஞ்சு வருசம் ஆயிடுச்சு."

"காலியா இல்லைங்க மேடம்," என்றேன். பதினொரு அறைகள் காலியாக இருந்தன.

சுவர் பேசத் தொடங்கியது. "உங்கம்மா எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறா. நீ இங்க என் துணியத் துவைடி, பொன்மணி."

இதழினி திரும்பினாள். "அம்மா, இது உன் குரல்தானே?"

சாருமதி என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மறு கையால் சுவரிலிருந்த குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினேன்.